உலகத்தை மாத்தின விமானமும் ஓமலூர் ஓடுபாதையும்



விமானப் பைத்தியம் பிடிச்ச நாலு பேர் ஒரு டேபிள்ல உக்காந்தா, ரெண்டாவது டீ வர்றதுக்குள்ள ஒரு சண்டை கட்டாயம் வரும். "விமான வரலாற்றுலயே உலகத்தை அதிகமா மாத்தின விமானம் எது?" எம்.ஜி.ஆரா சிவாஜியா, ராஜாவா ரகுமானா மாதிரி தீர்ப்பே வராத வழக்கு இது. ஒருத்தர் ரைட் சகோதரர்கள் விமானம்பார். இன்னொருத்தர் போயிங் 707 என்பார். "ஜம்போ ஜெட்டை விட்டுட்டு என்னய்யா பேச்சு"ன்னு மூணாவது ஆள் எந்திரிப்பார். டீக்கடைக்காரர் லைட்டை அணைச்சாத்தான் கூட்டம் கலையும்.

இந்த வழக்குல என் கட்சி எதுன்னு மொதல்லயே சொல்லிடறேன். டக்ளஸ் டிசி-3. நம்ம தாத்தா காலத்து ஆளுங்க "டக்கோட்டா"ன்னு சொன்னாங்களே, அதேதான். இது ஒண்ணும் புதுசான தீர்ப்பு இல்ல, உலகம் பூரா பல பேர் சொன்னதுதான். ஆனா அவங்க சொல்ற காரணம் வேற, நான் சொல்லப்போற காரணம் வேற. என் காரணம் ஆகாயத்துல இல்லீங்க, தரையில இருக்கு. இன்னும் குறிப்பா சொன்னா, நம்ம ஓமலூர் பக்கத்துல கமலாபுரத்துல இருக்கு. எப்படின்னு பொறுமையா பாப்போம். கொஞ்சம் நீளமான பதிவு, ஒரு டீ எடுத்துட்டு வந்துருங்க :-)

மத்த வேட்பாளர்கள்

மொதல்ல எதிர்க்கட்சிகளுக்கு நியாயம் பண்ணிடுவோம்.

ரைட் சகோதரர்களோட விமானம் 1903 டிசம்பர் 17ம் தேதி பறந்துச்சு. மொத தடவை 12 விநாடி, 120 அடி தூரம். அவங்களோட உண்மையான சாதனை பறந்தது மட்டும் இல்ல. மேலே கீழே, இடது வலது, பக்கவாட்டுச் சாய்வுன்னு மூணு அச்சுலயும் விமானத்தைக் கட்டுப்படுத்தற வித்தையக் கண்டுபிடிச்சாங்க பாருங்க, அதுதான். இன்னைக்கு வரைக்கும் அதே அடிப்படைதான். ஆனா அந்த விமானத்தோட வடிவத்த யாரும் பின்பற்றல. எஞ்சின் முன்னாடி, வால் பின்னாடின்னு நாம இன்னைக்கு வரையற உருவத்தை ஊரறியச் செஞ்சது பிரெஞ்சுக்காரர் பிளேரியோ. 1909 ஜூலை 25ம் தேதி இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டிப் போனார். அதுக்கு அடுத்த வருசமே, 1910ல, நம்ம மெட்ராஸ்ல ஓட்டல் நடத்திட்டிருந்த டி ஏஞ்சலிஸ்ங்கறவர் சிம்ப்சன் கம்பெனில விமானம் கட்டிப் பறந்து காட்டினார். தமிழ்நாடு இந்த ஆட்டத்துல லேட்டா சேர்ந்த ஊர் இல்லீங்க.

அடுத்தது பிரிட்டிஷ்காரங்களோட காமெட். உலகத்தோட முதல் ஜெட் பயணிகள் விமானம், 1952 மே 2ல சேவை தொடங்குச்சு. சரியா ஒரு வருசம் கழிச்சு 1953 மே 2ல, கல்கத்தாவுல இருந்து கிளம்பின காமெட் ஒண்ணு புயல்ல சிக்கி உடைஞ்சு விழுந்துச்சு. 1954ல இத்தாலி பக்கம் இன்னும் ரெண்டு. உடம்பை ஒரு பெரிய தண்ணித் தொட்டிக்குள்ள போட்டு, அழுத்தம் ஏத்தி ஏத்தி இறக்கிச் சோதிச்சதுல, உலோகம் களைச்சுப் போய் விரிசல் விடுதுன்னு தெரிஞ்சுது. காமெட் தோத்துப்போச்சு. ஆனா அது சொல்லிக் கொடுத்த பாடத்துலதான் அதுக்கப்புறம் வந்த அத்தனை ஜெட்டும் பத்திரமா பறக்குது.

அந்தப் பாடத்தைப் படிச்சு பாஸானது போயிங் 707. 1958 அக்டோபர் 26ல பான் அமெரிக்கன் கம்பெனி நியூயார்க்ல இருந்து பாரிஸுக்கு ஓட்டுச்சு. நம்ம ஏர் இந்தியா 1960லயே வாங்கிருச்சு. அப்புறம் 1970ல ஜம்போ 747 வந்துச்சு. 1971ல ஏர் இந்தியாவுக்கு "எம்பரர் அசோகா" வந்துச்சு. வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நம்மாளுங்க பெட்டி கட்டினது இந்த ஜெட்டுங்களாலதான். 737ம் ஏ320ம் ஒவ்வொண்ணும் பத்தாயிரத்துக்கு மேல தயாராகி, விமானப் பயணத்தையே பஸ் பயணம் மாதிரி ஆக்கிருச்சு.

இத்தனை பெரிய மனுசங்களுக்கு நடுவுல, ஜெட்டும் இல்லாத, அழுத்தக் கேபினும் இல்லாத, மூக்கைத் தூக்கி வால் சக்கரத்துல உக்காந்திருக்கற ஒரு பழைய வண்டிக்கு நான் ஏன் ஓட்டுப் போடறேன்?

டக்கோட்டா பொறந்த கதை

1931 மார்ச் 31ல அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலத்துல, டி.டபிள்யூ.ஏ. கம்பெனியோட ஃபோக்கர் விமானம் ஒண்ணு விழுந்துச்சு. செத்தவங்கள்ல ஒருத்தர் நாடே கொண்டாடின ஃபுட்பால் பயிற்சியாளர் நூட் ராக்னி. அந்த விமானத்தோட இறக்கை மரத்துல செஞ்சது. பசை விட்டுப்போச்சு. மர விமானம்னாலே ஜனங்க பயப்பட ஆரம்பிச்சாங்க.

டி.டபிள்யூ.ஏ.க்கு உலோக விமானம் வேணும். போயிங்கிட்ட 247ன்னு அருமையான மாடல் இருந்துச்சு. ஆனா அது தன்னோட பங்காளி யுனைட்டடுக்கு மொத அறுபதைக் கொடுத்துட்டுத்தான் உனக்குன்னு சொல்லிருச்சு. நம்மூர்ல பாடி கட்டற பட்டறைக்காரர் "மாமன் வண்டி அறுபது நிக்குதுங்க, அதை முடிச்சுட்டு உங்களுது"ன்னு சொன்னா நாம என்ன பண்ணுவோம்? அடுத்த பட்டறைக்குப் போவோம். அதேதான் நடந்துச்சு. 1932 ஆகஸ்ட்ல டி.டபிள்யூ.ஏ. மத்த கம்பெனிகளுக்கு ஒரு லெட்டர் போட்டுச்சு. அதுல ஒரு நிபந்தனை: எங்க ஓடுபாதை எதுல இருந்தும், முழு பாரத்தோட, ஒரு எஞ்சின் நின்னாலும் விமானம் மேலே ஏறணும்.

அந்த லெட்டரை எடுத்துக்கிட்டவர் டொனால்டு டக்ளஸ். 1933ல டிசி-1, 1934ல 14 சீட்டோட டிசி-2. அப்புறம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர்.ஸ்மித் போன்ல நச்சரிச்சு, படுத்துட்டுப் போற மாதிரி அகலமா ஒண்ணு கேட்டார். 14 படுக்கை. படுக்கைய எடுத்துட்டு சீட் போட்டா 21 பேர். அது மொத தடவை பறந்த தேதி 1935 டிசம்பர் 17. ரைட் சகோதரர்கள் பறந்து சரியா 32 வருசம்!

14 எங்கே, 21 எங்கே. செலவு அந்த அளவுக்கு ஏறல. அதுவரைக்கும் அமெரிக்க விமானக் கம்பெனிங்க அரசாங்கத் தபால் காசுலதான் உயிர் வாழ்ந்துச்சு. ஆளை மட்டும் ஏத்தியே லாபம் பாக்கலாம்னு காட்டின மொத வண்டி டிசி-3. எல்லாரும் சொல்ற காரணம் இதுதான், சரியான காரணமும்தான். ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி இதுக்குத் திரும்பி வரணும்.

அப்புறம் யுத்தம் வந்துச்சு. ராணுவ மாடலையும் சேத்து அமெரிக்காவுல மட்டும் பத்தாயிரத்துக்கு மேல கட்டினாங்க. ரஷ்யாவும் ஜப்பானும் லைசென்ஸ் வாங்கித் தனியா கட்டுச்சு. நேசப்படைத் தளபதி ஐசனோவர் பிற்பாடு, ஜெயிக்கறதுக்கு ரொம்ப உதவின சாமான்கள்னு ஒரு லிஸ்ட் சொன்னார். புல்டோசர், ஜீப், ரெண்டரை டன் லாரி, டக்கோட்டா. எதுவுமே சண்டை போடறதுக்குன்னு செஞ்சதில்ல! லாரிக்கும் டக்கோட்டாவுக்கும் ஒரே பெஞ்சுல இடம். நாமக்கல், சங்ககிரிக்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

அந்த ஒப்பீடு சும்மா இல்லீங்க. ஓசூர்ல இருந்து வெறும் சேஸிஸ் வருது. நாமக்கல் பட்டறைல அது சரக்கு லாரி ஆகுது, டேங்கர் ஆகுது. திருச்செங்கோட்டுல ரிக் வண்டி ஆகி ஊர் ஊரா போர் போடப் போகுது. டக்கோட்டாவும் அப்படித்தான். சீட் போட்டா பயணிகள் வண்டி, கழட்டினா சரக்கு வண்டி, கதவைத் திறந்தா பாராசூட் வண்டி, ஸ்ட்ரெச்சர் மாட்டினா ஆம்புலன்ஸ்.

ஒரு சின்னக் கணக்கு

இப்ப என் காரணத்துக்கு வர்றேன். இன்ஜினியரிங் படிச்ச பாவத்துக்கு ஒரு கணக்காவது போடாம பதிவு முடியாது, மன்னிச்சுக்கங்க.

ஒரு விமானம் தரையை விட்டுக் கிளம்பணும்னா, அதோட எடையை இறக்கை தூக்கணும். இறக்கை தூக்கற சக்தி வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். அப்ப, ஒரு சதுர மீட்டர் இறக்கை எத்தனை கிலோ சுமக்கணும்னு பாத்தா, அந்த விமானத்துக்கு எவ்வளவு வேகம் வேணும், அந்த வேகம் எடுக்க எவ்வளவு நீளம் வேணும்னு ஒரு உத்தேசம் கிடைச்சிரும். முழு பாரத்துல இப்படி வருது:

டிசி-3: 11.4 டன், 92 சதுர மீட்டர் இறக்கை. ச.மீ.க்கு சுமார் 125 கிலோ.
ஏடிஆர் 72: 23 டன், 61 ச.மீ. சுமார் 375 கிலோ.
போயிங் 707 முதல் மாடல்: 116 டன், 226 ச.மீ. சுமார் 515 கிலோ.
ஏ320: 78 டன், 122 ச.மீ. சுமார் 640 கிலோ.
747 முதல் மாடல்: 333 டன், 511 ச.மீ. சுமார் 650 கிலோ.

டக்கோட்டாவோட இறக்கை நோகாம சுமக்குது. அதனால மெதுவான வேகத்துலயே கிளம்பிரும், மெதுவாவே இறங்கிரும். ஆயிரம் மீட்டர் தரை இருந்தா தாராளம். அது தார் போட்டதா இருக்கணும்னு கூட அவசியம் இல்ல. புல்லு, மண்ணு, மணல், எதுவானாலும் சரி. ஜெட்டுங்க அப்படி இல்ல. ஃபிளாப்பு, பிரேக்கு, ரிவர்ஸ்னு எத்தனை வித்தை பண்ணினாலும் ரெண்டு, மூணு கிலோமீட்டர் கெட்டியான கான்கிரீட் கேக்கும்.

இதுல நம்ம வெயிலையும் சேத்துக்கங்க. பதினஞ்சு டிகிரில இருக்கற காத்தை விட நாப்பது டிகிரி காத்து சுமார் 8 சதவீதம் லேசு. இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். பாரிஸ்ல பத்தற ஓடுபாதை சித்திரை மாசத்து சேலத்துல பத்தாது.

ஆக, என் அளவுகோல் இதுதான். ஒரு விமானம் எவ்வளவு உயரம் பறந்துச்சு, எவ்வளவு வேகம் போச்சுங்கறதை விட, அது பூமிகிட்ட எவ்வளவு இடம் கேட்டுச்சுன்னு பாக்கணும். கம்மியா கேக்கற விமானம் நிறைய ஊருக்குப் போகும். நிறைய கேக்கற விமானத்துக்கு ஊர்தான் எந்திரிச்சு வழிவிடணும்.

நம்ம பக்கத்து சாட்சி

இந்த அளவுகோலை இந்தியாவுல வெச்சுப் பாருங்க. யுத்தம் முடிஞ்சதும் உபரி டக்கோட்டாக்கள் இங்கே மலிவு விலைக்கு வந்துச்சு. புதுப்புது விமானக் கம்பெனிங்க முளைச்சுச்சு. யுத்த காலத்துல போட்ட ஓடுபாதைகள் வேற நாடெங்கும் கெடந்துச்சு. நம்ம பக்கமே சூலூர், தஞ்சாவூர், செட்டிநாடு, கயத்தாறு, உளுந்தூர்பேட்டைன்னு நிறைய.

1947 அக்டோபர் 27. காஷ்மீருக்குப் படை அனுப்பணும். டெல்லில இருந்து சீக்கிய ரெஜிமெண்ட் ஆளுங்கள ஏத்திட்டு டக்கோட்டாக்கள் ஸ்ரீநகர் மண் ஓடுபாதைல இறங்குச்சு. விமானப்படை வண்டி பத்தாம தனியார் கம்பெனி வண்டிகளையும் வாங்கி ஓட்டினாங்க. அடுத்த வருசம் மே மாசம் மெஹர் சிங் டக்கோட்டாவை லே வரைக்கும் கொண்டுபோனார். பதினோராயிரம் அடி உயரத்துல, சோனம் நோர்புங்கற உள்ளூர் இன்ஜினியர் மேற்பார்வைல ஆளுங்க அவசரமா சமன் பண்ணின மணல் தரை அது. அந்த நேரத்துல கான்கிரீட் கேக்கற விமானத்தை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.

அதே வருசம், 1947 டிசம்பர் 10. இலங்கைல ஏர் சிலோன் மொத சேவை தொடங்குச்சு. ரத்மலானைல கிளம்பி, காங்கேசன்துறைல இறங்கி, மெட்ராஸ் வந்துச்சு. விமானத்தோட பேர் "சீதாதேவி". அதுவும் டக்கோட்டாதான். இலங்கை நண்பர்கள் இதைப் படிச்சா, அந்தக் காலத்துல பலாலில இருந்து மெட்ராஸ் போய் வந்த பெரியவங்க கதை கட்டாயம் உங்க வீட்டுல இருக்கும், எழுதுங்க.

1949ல இந்தியாவுல இரவு வான் தபால் ஆரம்பிச்சாங்க. தினம் ராத்திரி மெட்ராஸ், பம்பாய், டெல்லி, கல்கத்தா நாலு ஊர்ல இருந்தும் விமானம் கிளம்பும். நடு ராத்திரில நாக்பூர்ல எல்லாம் ஒண்ணு சேரும். மூட்டைகளை மாத்திக்கிட்டு விடியறதுக்குள்ள அவங்கவங்க ஊருக்குத் திரும்பிரும். சேலம் பஸ் ஸ்டாண்டுல ராத்திரி ஒரு மணிக்கு நடக்கற அதே கூத்துதான், ஆகாயத்துல. ஃபெடெக்ஸ் கம்பெனி மெம்பிஸ்ல இதே முறைல ராத்திரி பார்சல் தொழிலை ஆரம்பிச்சது 1973ல. நாம 24 வருசம் சீனியர்!

1953 ஆகஸ்ட் 1ல எட்டுக் கம்பெனிகளைச் சேத்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கினாங்க. கைக்கு வந்த 99 விமானத்துல 74 டக்கோட்டா. சுதந்திர இந்தியாவோட உள்நாட்டு விமானப் பயணம் கிட்டத்தட்ட ஒரே வண்டி மேல நின்னுச்சுன்னு சொன்னா மிகை இல்ல. 707 அப்படி ஒரு நாட்டைத் தனியா சுமந்ததா எனக்குத் தெரிஞ்சு கிடையாது.

டக்கோட்டாவோட வாரிசு

டக்கோட்டாவுக்கு மாத்து வண்டி கண்டுபிடிக்கறோம்னு உலகமே முயற்சி பண்ணுச்சு. ஃபோக்கர் எஃப்27 வந்துச்சு (1955). கான்பூர்ல கட்டின ஆவ்ரோ வந்துச்சு (1961). எண்பதுகள்ல பிரான்ஸும் இத்தாலியும் சேந்து ஏடிஆர் செஞ்சாங்க. ஏடிஆர் 42 பறந்தது 1984ல, 72 பறந்தது 1988ல. ரெண்டு காத்தாடி எஞ்சின், சுமாரான வேகம், சுமார் 1,300 மீட்டர் ஓடுபாதை போதும். கேப்டன் கோபிநாத் 2003ல ஏர் டெக்கான் ஆரம்பிச்சப்ப வாங்கினது இந்த ஏடிஆர் 42தான்.

இந்தியாவுல 80 சீட்டுக்குக் குறைவான விமானத்துக்கு அரசாங்க விமான நிலையங்கள்ல இறங்கு கட்டணத் தள்ளுபடி இருந்துச்சு. இண்டிகோ ஏடிஆர்ல 78 சீட் போட்டிருக்கறதோட ரகசியம் புரியுதா? :-)

2019 நவம்பர்ல சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மறுபடி விமானம் விட்டாங்க. அலையன்ஸ் ஏர், ஏடிஆர் 72. 1947ல சீதாதேவி போன அதே தடம். நடுவுல ஜெட் யுகமே வந்து போயிருக்கு. ஆனா பலாலிக்குப் போகணும்னா மறுபடி காத்தாடி எஞ்சின்தான் வரவேண்டியிருந்துச்சு.

கமலாபுரத்துக்கு வருவோம்

நம்ம சேலம் விமான நிலையம் 1993ல திறந்தது. ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். என்.ஈ.பி.சி. கம்பெனி ஃபோக்கர் வெச்சு ஓட்டுச்சு, நின்னு போச்சு. 2009 நவம்பர்ல கிங்ஃபிஷர் ஏடிஆர்ல சென்னைக்கு ஓட்டுச்சு, 2011ல நின்னு போச்சு. 2018 மார்ச் 25ல உடான் திட்டத்துல ட்ரூஜெட் வந்துச்சு, அதுவும் ஏடிஆர், 2021ல நின்னு போச்சு. 2023 அக்டோபர்ல இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் மறுபடி ஆரம்பிச்சாங்க. எல்லாமே டக்கோட்டா குடும்பத்து வண்டிங்கதான்.

அந்த 2018லயே இன்னொரு பேச்சும் வந்துச்சு. ஏர்பஸ், போயிங் இறங்கற மாதிரி விரிவாக்கம் பண்ண சுமார் 570 ஏக்கர் வேணும்னாங்க. கமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி நாலு கிராமத்து விவசாயிங்க எதிர்த்து நின்னாங்க. எட்டு வழிச் சாலைக்கு நிலம் அளந்துட்டிருந்த அதே வருசம். மாவட்டம் பூரா கல்லு நடறதும் புடுங்கறதுமா இருந்த காலம்.

டீக்கடை விவாதம் இங்கதான் டீக்கடையத் தாண்டுது. "எந்த விமானம் பெருசு?"ங்கற கேள்வியும், "யாரோட காட்டை எடுக்கறது?"ங்கற கேள்வியும் ஒரே கேள்வியோட ரெண்டு பக்கம். மேலே போட்ட கணக்குல 375க்கும் 640க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் இருக்கு பாருங்க, அதைத் தரைல விரிச்சுப் பாத்தா ஒருத்தரோட கிணறு, ஒருத்தரோட தென்னை, ஒருத்தரோட வீடு.

இப்ப எதிர்த் தரப்பு நியாயத்தையும் சொல்லிடறேன். பெரிய விமானம் வந்தாத்தான் ஒரு சீட்டுக்கு ஆகற செலவு குறையும், டிக்கெட் விலை இறங்கும்கறாங்க. உண்மைதான். ஏர் டெக்கானே அடுத்த வருசம் ஏ320 வாங்குச்சு. டெல்லி, மும்பை மாதிரி தூரத்து ஊருக்கு சேலத்துல இருந்து நேரா போகணும்னா ஏடிஆர் சரிப்படாது. ஜவ்வரிசி வியாபாரியும், ரிக் வண்டி அனுப்பற திருச்செங்கோட்டுக்காரரும், என்னை மாதிரி லேப்டாப் தூக்கறவனும் இன்னும் எத்தனை வருசத்துக்கு பெங்களூருக்கோ கோயமுத்தூருக்கோ ஓடிப் போய் விமானம் ஏறறதுன்னு கேட்டா அதுல தப்பில்ல.

ஆனா நான் ஒரு கேள்வி கேக்கறேன். 2021 வரைக்கும் மூணு தடவை நின்னுதே, ஒரு தடவையாவது ஓடுபாதை நீளம் பத்தாம நின்னுச்சா? என்.ஈ.பி.சி. கம்பெனியே 1997ல படுத்துருச்சு. கிங்ஃபிஷர் கடன்ல முழுகி 2012ல மொத்தமா தரை தட்டுச்சு. ட்ரூஜெட்டும் 2022ல இழுத்து மூடிருச்சு. 1,800 மீட்டர் ஓடுபாதை பாட்டுக்கு ஆடாம அசையாம அங்கயேதான் கெடந்துச்சு. வண்டி ஓட்டினவங்ககிட்டதான் காசில்ல.

இங்கதான் மேலே ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன விஷயத்துக்கு வரணும். டிசி-3 ஜெயிச்சதுக்கு, தபால் மானியம் இல்லாம பயணிகளை வெச்சே லாபம் காட்டினது ஒரு காரணம். உடான் திட்டம் என்ன? ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி சீட்டை 2,500 ரூபா உச்ச வரம்புல வித்துட்டு, குறைஞ்ச காசை அரசாங்கம் மூணு வருசத்துக்குக் கொடுத்துச்சு. ட்ரூஜெட் சேலத்துல ஓட்டினதும் ஏறக்குறைய அந்த மூணு வருசம்தான்! எண்பத்தஞ்சு வருசம் சுத்தி, மானியம் இருந்தாத்தான் பறக்கும்கற எடத்துக்கே திரும்பி வந்து நிக்கறோம்.

ஏன்னா டிசி-3க்கு அன்னைக்குப் போட்டி, ராப்பகலா ஓடற ரயில். நாட்டோட குறுக்கே போக அது நாள் கணக்குல எடுத்த நேரத்தை டிசி-3 ஒரு ராத்திரியா ஆக்கிருச்சு. சேலம் ஏடிஆருக்குப் போட்டி ஏற்காடு எக்ஸ்பிரஸ். ராத்திரி ஏறிப் படுத்தா காலைல சென்னை. விமானம் மிச்சப்படுத்தற நேரத்துல பாதிய மீனம்பாக்கத்துல இருந்து வெளிய வர்றதுக்கே செலவு பண்ணிடுவோம். இந்த நிலைமைல 78 சீட்டையே தினம் ரொப்பறது பெரும்பாடு. 180 சீட் வண்டிக்கு எடம் வேணும்னு காட்டை மொதல்ல எடுத்து வெச்சுக்கறது, பத்து அட்டை முட்டை விக்கற கடைக்காரர் பத்து டயர் லாரி வாங்கி நிறுத்தின மாதிரி ஆயிடக்கூடாது.

அதுக்காக விரிவாக்கமே கூடாதுன்னு நான் சொல்லல. வரிசைய மாத்தணும்கறேன். மொதல்ல இருக்கற ஓடுபாதைல இருக்கற ஏடிஆர் அஞ்சு வருசம் விடாம ஓடட்டும். பெங்களூர், சென்னை, ஹைதராபாத், கொச்சின்னு நாலு திசைக்கும் நேரம் தவறாம ஓடட்டும். சீட் ரொம்பி வழியுதுன்னு கணக்கு காட்டட்டும். அப்புறம் அந்தக் கணக்கைக் கையில வெச்சுக்கிட்டு நாலு கிராமத்துக்காரங்க முன்னாடி உக்காந்து பேசட்டும். டக்கோட்டா அப்படித்தான் வளந்துச்சு. கிடைச்ச தரையில இறங்கி, ஆளை ஏத்தி, கூட்டம் சேத்துக் காட்டினதுக்கு அப்புறம்தான் ஊர் ஊருக்குக் கான்கிரீட் வந்துச்சு.

தீர்ப்பு

ரைட் விமானம் பறக்கலாம்னு காட்டுச்சு. காமெட் எப்படிப் பறக்கக் கூடாதுன்னு காட்டுச்சு. 707ம் 747ம் கண்டங்களை ஒட்ட வெச்சுது. இதுல எதையும் நான் மறுக்கல. ஆனா ஸ்ரீநகர் மண்ணுலயும், லே மணல்லயும், காங்கேசன்துறைலயும் நாக்பூர் நடு ராத்திரியிலயும், "இருக்கற எடம் போதும், நான் பாத்துக்கறேன்"னு வந்து இறங்கினது ஒரே வண்டிதான். என் ஓட்டு டிசி-3க்கு.

உங்க ஓட்டு எதுக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. கான்கார்டு ரசிகர்கள் தாராளமா கும்மலாம். ஒரே ஒரு நிபந்தனை: உங்க வேட்பாளர் பேரோட, அது இறங்க எத்தனை மீட்டர் ஓடுபாதை வேணும்கறதையும் சேத்து எழுதணும். ஓமலூர்ல இருந்து கேக்கறோமுங்க, தெரிஞ்சாகணும்.

டிஸ்கி: போர் விமானங்களையும் ஹெலிகாப்டரையும் வேணும்னேதான் சேக்கல. அதையும் இழுத்தா இந்தப் பதிவு 747 ஓடுபாதை நீளத்துக்குப் போயிரும் :-)